நாலாம் அடி

18.7.87, சனி
கரியாலூரில் பறையடி ஏழும் பதிவாகிவிட்டது. மலைக்கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த எங்கள் வடக்கனந்தல் சின்னதுரைதான் அடித்தார். கல்யாணம், சாவு, சாமி புறப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. நாலாவது, ஊரைக் கூட்டுவது. அதை முடிக்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. எங்களுக்குச் சோறு போட்ட இருசம்மாள், "மழ வருது, தோலு நனையுது, உள்ள வாங்க" என்றாள். அந்தக் குரலும் கேசட்டில் ஏறிவிட்டது.

இசை கேட்டால் நாடி எப்படி மாறுகிறது என்பதுதான் ஆய்வு. எங்கள் எம்.ஏ. உளவியல் வகுப்பில் எனக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு. அறிக்கை நன்றாக வந்தால் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கெடுத்துக்கொள்ளக் கூடாது.

2.8.87
அம்மாதான் முதல் ஆள். மணிக்கட்டைப் பிடித்து அரை நிமிடம் எண்ணி, இரட்டிப்பாக்குவேன். சும்மா இருக்கும்போது 74. சாவு அடிக்கு 80. நாலாவதுக்கு 98. "எங்கியோ ஓடணும்னு இருக்குடி, எங்கன்னுதான் தெரியல" என்றாள். இதுவரை பதினாறு பேர். எல்லோருக்கும் நாலாவதுதான் உச்சம். ஒன்பது பேர் எழுந்தே விட்டார்கள்.

தமிழரசன் அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டான். "இன்னா ராதிகா, எந்த அடிக்கு ஆளுங்க ஜாஸ்தியா எழுந்திருக்கிறாங்க?" என் படிப்பைப் பற்றி இந்த வீட்டில் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகச் சொன்னேன்.

30.8.87
இரண்டு மார்க்கில் வேலை கைவிட்டுப் போனதிலிருந்து அண்ணனுக்கு இட ஒதுக்கீட்டுப் போராட்டமே கதி. அவன் கோபம் நியாயம்தான். இன்று கேசட்டுக்குப் பிரதி கேட்டான், கொடுத்தேன். எதுக்குண்ணே என்றேன். "சும்மா, கேக்கத்தான்." முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

17.9.87
இட ஒதுக்கீட்டு மறியல். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் நாலாவது அடி. தெருவே எழுந்து ஓடியது. கடைசியில், சுள்ளென்ற வெயிலில், இருசம்மாள் குரல்: மழ வருது, தோலு நனையுது. யாரும் சிரிக்கவில்லை.

பஸ் மேல் கல் விழுந்து டிரைவருக்கு மண்டை உடைந்ததாம்.

19.9.87
கூட்டத்தைக் கூட்டியவர் என்று சின்னதுரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அடி அவர் கை என்று ஊருக்கே தெரியும்.

22.9.87
அவர் மனைவி பச்சையம்மாள் தோட்டத்துப் பக்கமாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அன்னிக்கு அவுரு கழனில வரப்பு அண்ட வெட்டிக்கினு இருந்தாரும்மா. நீ புடிச்ச பொட்டிலேந்துதான் வந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

அண்ணன் சொல்கிறான்: "ரெண்டு நாள்ல வுட்டுடுவாங்க. நீ வாயத் தொறக்காத. உன் படிப்பும் போய்டும்."

28.9.87
டிரைவர் இறந்துவிட்டார். இனி கொலைக் கேஸ்.

1.10.87
தூக்கமில்லை. நான் இன்னா பண்ணட்டும்? எண்ணிச் சொன்னது நான். கேசட்ட குடுத்ததும் நான். அண்ணன் கல்லு எறிஞ்சிருக்க மாட்டான் — சின்னதுரை மட்டும் எறிஞ்சாரா? அவர் அந்தப் பக்கம் போகவே இல்லையே.

3.10.87
ஸ்டேஷனில் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். இருசம்மாள் குரல் வந்ததும் ஏட்டு நிமிர்ந்தார். அன்றைக்கு மறியலில் காவலுக்கு நின்றவர் அவர். என் நோட்டில் தேதியும் இடமும் இருந்தன. "பிரதி யாருக்குக் குடுத்த?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்லிவிட்டேன்.

5.10.87
காலையில் சின்னதுரையை விட்டுவிட்டார்கள். இனி அந்த அடியைத் தொட மாட்டேன் என்றாராம்.

மதியம் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய் ஏறினான். அம்மா கதவைப் பிடித்தபடியே சரிந்தாள். ஓடிப்போய்த் தாங்கினேன். பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன், வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"கைய வுடு" என்றாள்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அறுபத்தொன்று வரை வந்திருந்தேன்.