மூன்றாம் மாதம் பத்தாம் நாள்

அன்புள்ள லூயென்,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. காலையிலிருந்து நானே எழுதுகிறேன், சிரிக்காதே! எழுபது வயதில் எழுத்துக் கற்றவனின் கை இது.

நேற்று ஒரு வேடிக்கை. நான் காவல் இருக்கும் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் நம் மகள் துய் சாப்பாடு கொடுத்தாள். வாசலில் நிற்பது அப்பா என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடி ஏற்றிய அவள் கார் வழக்கம்போல என்னைக் கடந்து போனது. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்ததை எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: "என் தந்தையின் திதி. மூன்றாம் மாதம் ஒன்பதாம் நாள்."

"சாப்பிடுங்க பெரியவரே! எவ்வளவு பெரிய நடிகை, செத்துப்போன அப்பனை வருஷம் தவறாம நினைக்குது. உங்க பிள்ளைங்க செய்யுமா?" என்றான் உடன் நிற்கும் ஹாவ்.

"செய்யும் தம்பி" என்றேன்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். "சினிமாவுக்குப் போனா உன் அப்பன் செத்தான்னு நினைச்சுக்கோ" என்று நான் கத்த, அவள் படகேறிய நாள்.

இளநீரில் வேகவைத்த பன்றிக்கறி, முட்டையோடு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நம் வீட்டுச் சுவரில் ஒட்டிய பேட்டிகளில் அவள் அப்பாவைப் பெருமையாகச் சொன்னதாக இத்தனை வருடம் நீ படித்துக் காட்டினாய். அதே இதழ்கள் இங்கேயும் கிடக்கின்றன. படித்துவிட்டேன்.

தைலம் தீர்ந்துவிட்டது, அனுப்பு. சுவரில் எதையும் கிழிக்காதே. நான் வந்ததும் முன்போல நீயே படித்துக் காட்டு.

மணி அடிக்கிறது, வாசலுக்குப் போக வேண்டும்.

கியெம்