விளக்குக்குக் கொடுத்த எண்ணெய்

சிவமயம்

திருநெல்வேலி,
1938 ஆவணி 12

கடல் கடந்து சிரம்பானில் இருக்கும் மகள் மகாதேவிக்கு ஐயா எழுதுவது. இங்கே நானும் கொம்மாவும் சுகம், அங்கே நீங்கள் இருவரும் சுகமாய் இருக்கவேண்டுமென்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு, உன் கடுதாசி வந்த கையோடு இதை எழுதுகிறேன். புத்தூர்ப் பக்கம் இம்முறை எள்ளு நல்ல விளைச்சல், ஆனால் எங்கடை செக்குப் பாதி நாள் சும்மா நிற்கிறது. என் தம்பி, உன் குஞ்சையா ஏரம்பு போன பிறகு யார் ஓட்டினாலும் அந்த மாடு ஒழுங்காய்ச் சுற்றுவதில்லை, அவன் குந்தியிருந்த மூலைக்கு வந்ததும் நின்று பார்க்கிறது. எனக்கும் அந்தப் பக்கம் பார்க்க ஒரு மாதிரித்தான். எண்ணெய்த் தகரத்தைத் திறந்தாலும் கடைசிக் காலத்தில் அவன் மூச்சில் அடித்த அந்த இனிச்ச நாற்றம்தான் வருகிறது. உங்களுக்கு விசர் என்கிறாள் கொம்மா. இருக்கட்டும்.

மருமகனுடைய இரத்தத்தைச் சோதித்ததில் கொழுப்பு மிகவும் குறைவாம், துரைமாருக்கெல்லாம் கூடிக்கிடக்கத் தனக்கு மட்டும் குறைவென்று அவர் சிரிக்கிறாராம், நீயும் கோயிலில் அர்ச்சனை செய்வித்தாயாம். உன் கடுதாசியில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். குஞ்சையாவுக்கும் இதே கதைதான் பிள்ளை. கொழும்பில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது கொலஸ்ரரோல் என்கிற கொழுப்பு நன்றாய் இறங்கிப்போயிருக்கிறது என்றார்கள், மிச்சத்தைக் கேட்க முதலே நாங்கள் சந்தோஷப்பட்டுவிட்டோம். செக்கடியிலை வளந்தவனுக்கே கொழுப்பில்லையாம் அண்ணை, இனி என்னைச் சாராயத்துக்குப் பேசாதையுங்கோ என்று அவன் பகிடி விட்டான். நான் பிள்ளையார் கோயில் விளக்குக்கு ஒரு தகரம் நல்லெண்ணெய் கொடுத்தேன். அந்தத் தகரம் முடிய முன்னம் அவன் முடிந்துபோனான். அவன் செத்த துடக்குக் கழிந்து கோயிலுக்குப் போனபோதும் விளக்கு அதே எண்ணெயில்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகுதான் டாக்டர் ஆழ்வாப்பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் கொழுப்பு நாங்கள் தின்பதால் மட்டும் வருவதில்லையாம், பெரும்பங்கை ஈரல்தான் செய்து இரத்தத்துக்கு விடுகிறதாம். குடியால் ஈரல் சுருங்கிக் கல்லாகிப்போனால் அந்த வேலை நின்றுவிடும், ஈரல் கெடக் கெடக் கொழுப்பும் இறங்கும் என்றார். எண்ணெய் வியாபாரிக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை, கடையில் எண்ணெய் குறைந்தது விற்றதால் அல்ல, செக்கு வெடித்ததால். குறைவெல்லாம் ஈரல் வருத்தம் இல்லை, மெலிந்த ஆளுக்கும் குறையலாம் என்றும் அவரே சொன்னார். ஆனால் நீ கடுதாசியின் அடியில், அவருக்குக் காலில் சப்பாத்து ஏறுகிறதில்லை, கண்ணும் கொஞ்சம் மஞ்சள், காய்ச்சலாக்கும் என்று எழுதியிருக்கிறாய். கிளப்பில் பின்னேரம் தவறாமல் விஸ்கி என்பதும் எனக்குத் தெரியும், நீ மறைத்தாலும் அங்கிருந்து வருகிற சனம் கதைக்கும்.

அவர் நித்திரையாய் இருக்கும்போது கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்திவிட்டு எடுத்துப் பார். நீர் வைத்து வீங்கின ஏரம்புவின் காலில் என்ரை விரல் பதிந்த குழி அப்படியே நின்றது, இன்னும் என் விரலில் அந்தக் குளிர் இருக்கிறது. குழி நின்றாலும் நில்லாவிட்டாலும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ஈரலைப் பார்க்கச் சொல்லு. இனி ஒரு சொட்டும் வேண்டாம். அவர் கோபித்தால் மாமா சொன்னது என்று என்மேல் போடு, எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம். என்ன சொன்னார்கள் என்று உடனே தந்தி அடி.

உங்கள் இருவரையும் பிள்ளையார் கைவிடமாட்டார். அர்ச்சனை செய்தது செய்ததாய் இருக்கட்டும், விளக்குக்கு எண்ணெய் மட்டும் நேர்ந்துவிடாதே மகள்.

இப்படிக்கு,
உன் ஐயா
வ. முத்துக்குமாரு