ஐம்பத்து நாலு கிராம் நீலம்

மார்ச் 4, செவ்வாய்
ரத்த வங்கியில் பழைய காப்பர் சல்பேட் தீர்ந்தது. புதுப் புட்டியைத் திறந்து, சுவரில் ஒட்டிய குறிப்பின்படி லிட்டருக்கு ஐம்பத்து நாலு கிராம் நிறுத்துக் கரைத்தேன். ரத்தம் கொடுக்க வருபவரின் ஒரு சொட்டு இதில் மூழ்கினால் எடுக்கலாம். மிதந்தால் ரத்தசோகை, திருப்பி அனுப்ப வேண்டும். கரைசலைச் சரிபார்க்கும் அடர்த்திமானி உடைந்து இரண்டு மாதம். கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

மார்ச் 6
எல்லாருக்கும் சொட்டு மூழ்குகிறது. "ஊரே இரும்பைத் தின்னுட்டு வந்திருக்கு போல" என்றார் நர்ஸ். நானும் சிரித்தேன்.

மார்ச் 7
ஒரு தையல்காரம்மா. கணவருக்கு நாளை வயிற்றில் ஆபரேஷன். நகமெல்லாம் வெளுப்பு. ஆனால் சொட்டு கல் மாதிரி இறங்கியது. "எடுத்துக்கோ கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன்." எடுத்தோம்.

மார்ச் 10
தையல்காரம்மா படியில் மயங்கி விழுந்துவிட்டாராம். மணிக்கட்டு முறிவு. வலது கை.

ஓடிப்போய்ப் புட்டியைப் பார்த்தேன். பழையது வெள்ளைத் தூள், நீரில்லாத உப்பு. குறிப்பு அதற்கு எழுதியது. இது நீலப் பளிங்கு. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பளிங்குக்குள் இருக்கும் தண்ணீர். எண்பத்து நாலரை கிராம் போட்டிருக்க வேண்டும். நீர்த்த கரைசலில் எந்த ரத்தமும்தான் மூழ்கும். அடிப் பாவி, நிறம்கூடவா கண்ணுல படல? லேபிளைப் படிக்காம என்ன கிழிச்சே?

மார்ச் 11
மருத்துவ அதிகாரியிடம் சொன்னேன்.
"கொட்டிட்டுப் புதுசா போடுங்க. வெளியில மூச்சு விடாதீங்கம்மா."
"பதினேழு பேர் சார்."
"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."
"ஒருத்தங்களுக்கு ஆச்சு சார்."
ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 12
பழையதைக் கொட்டிவிட்டு, எண்பத்து நாலரை கிராம் நிறுத்துப் புதிதாகக் கரைத்தேன்.

மார்ச் 13
பதிவேட்டைப் பார்த்து நானே பதினேழு பேருக்கும் போன் போட்டேன். வந்தது ஒன்பது பேர். நாலு பேருக்குச் சொட்டு மிதந்தது. வராத எட்டுப் பேர் - தெரியாது. எப்படித் தெரியும்?

மார்ச் 17
தராசு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனிக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை.

மார்ச் 19
தையல்காரம்மா வந்தார், கையில் மாவுக்கட்டுடன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை, கேட்டார்.
"அன்னைக்கு என்னைத் திருப்பி அனுப்பியிருந்தா, அவருக்கு ரத்தம் யாரு குடுத்திருப்பா?"
நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.
"அவர் எப்படி இருக்காரும்மா?"
"எந்திரிச்சு உக்கார்றாரு."
இரும்புச்சத்து மாத்திரையை நீட்டினேன். பழக்கத்தில் வலது கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் பையைத் திறந்து நானே உள்ளே வைத்தேன்.