நாற்பதாம் தலைமுறையின் இரை

மார்ச் 3, காலை 9.10. தலைமுறை 31.
மன்னார் வளைகுடா, கடலடி ஆய்வுக்கூடம். எழுதுபவன் யூஜின் மச்சாடோ, தனியாள். கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வலிமருந்து எடுப்பது வேலை. வளர்ச்சி மருந்து கொடுப்பதால் மூன்று நாளுக்கு ஒரு தலைமுறை. தீனியை முந்திக் கொட்டும் நத்தைகளை மட்டும் இனம்பெருக்க விடுவேன், மற்றவை கொதிநீருக்கு. தொட்டியெல்லாம் சளி. பதினைந்து வருடமாகியும் பழகவில்லை.

மார்ச் 12, காலை 10.00. தலைமுறை 34.
இரைக்குத் தக்கபடிதான் விஷம் மாறும். மீன் தின்னும் நத்தைக்கு மீனை முடக்கும் விஷம், புழு தின்பதற்குப் புழுவுக்கானது. மனித நரம்புக்கான விஷம் வேண்டுமென்றால் தீனியில் மனித உயிரணு கலக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதினால் இரண்டு மாதம், பதினோரு கையெழுத்து. அதனால் முதல் தலைமுறையிலிருந்தே என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கலக்கிறேன். அறிக்கையில் ‘ஆய்வக உயிரணு’ என்று போட்டுவிட்டேன். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

மார்ச் 24, பகல் 11.30. தலைமுறை 38.
உயிர்மீன் போட்டேன், சீந்தவில்லை. நான் கிட்டே போனதும் அத்தனையும் வாய்க்குழலை என் பக்கம் நீட்டின. நான் வியர்வை துடைத்த துண்டைப் போட்டேன். கொட்டிக் கொட்டி விழுங்கப் பார்த்தன, அசிங்கம் பிடித்தவை. சரக்கு இறக்க வரும் பணியாளர்கள் விட்டுப்போன கையுறைகளைத் தொடவேயில்லை. என் மகள் அக்சிலியா விட்டுப்போன தொப்பியை மட்டும் விடவில்லை. என்னை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 30, மதியம் 2.40. தலைமுறை 40.
தொட்டி மூடி விலகிக் கிடந்தது. தரையெங்கும் சளித்தடம். கொதிநீர் எடுக்கத் திரும்பியபோது ஒரு நத்தை கணுக்காலில் கொட்டிவிட்டது. வலியே இல்லை. அருமையான மருந்துதான், சனியன். கால் போய்விட்டது, நாக்கு எழவில்லை. ரேடியோவில் கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. இரண்டு விரலால் இந்தப் பதிவேட்டில் தட்டுகிறேன், மேலே யாராவது படித்தால் சரி.

2.55
ரேடியோ: “அப்பா, அக்சி பேசுறேன். மேல போட்டுலதான் இருக்கேன். ஏம்ப்பா பதிலே சொல்ல மாட்டேங்கிய? நானே எறங்கி வாரேன்.”

3.02
வேறு யாரையாவது அனுப்புங்கள். யாரானாலும் சரி. அவள் உடம்பில் பாதி நான். இவற்றுக்கு அது போதும்.

3.11
ரேடியோ: “வந்துட்டேன்ப்பா. கதவத் தெறக்கேன், பயப்படாதிய.”
மார்மேல் கிடந்த நத்தைகள் இறங்கி வாசல் பக்கம் போகின்றன. துடுப்புக் காலணியைக் கழற்றிவைக்கும் சத்தம் கேட்கிறது. உள்ளே வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்று திட்டித் திட்டிப் பழக்கியவன் நான்தான். அக்சி கழற்றாதே மாட்டிக்கொள் மாட்டி