என் பேரில் விழுந்த வாக்கு

மார்ச் 4

வாசகசாலை மாடியில் என் தேர்தல் வகுப்புக்கு இன்று பதினோரு பேர். எல்லோரும் என்னைப்போல முதல் ஓட்டுக்காரர்கள். முந்தாநாள் படித்ததை வைத்துக்கொண்டு பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். வேட்பாளர் என்றால் போட்டியிடுபவர். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நீ யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

'முகவர்' என்றதும் சலூன்காரர் மகள், "இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா?" என்றாள். ஒரே சிரிப்பு.

"இல்லைப்பா. வேட்பாளர் சார்பா சாவடிக்குள்ள உட்கார்ந்திருப்பார். ஒருத்தர் பேர்ல வேற ஆள் வந்தா, 'இவங்க அவங்க இல்லை'ன்னு ஆட்சேபிக்கணும். எங்கப்பா அதான்."

கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்தான்.

மார்ச் 9

அப்பா பஸ் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். அவருடைய முப்பது வருஷ நண்பர், சிமெண்ட் கடைக்காரர், போட்டியிடுகிறாரே. வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"யாருக்குடா போடப் போற?" என்றார். பெண்ணானாலும் எனக்குச் செல்லமாக 'டா'தான்.

"ரகசிய வாக்குப்பா. யாரும் கேட்கக்கூடாது."

"என்கிட்ட என்னடா ரகசியம்?"

சொன்னேன். அவர் நண்பருக்கு இல்லை, எதிர்த்து நிற்கிற நர்ஸம்மாவுக்கு. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், "உன் இஷ்டம்டா" என்று தலையைத் தடவினார். எவ்வளவு பெருமையாக இருந்தது.

மார்ச் 11

எழுத வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

பத்தரைக்கு வரிசையில் நின்றேன். அதிகாரி பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களேம்மா." என் பெயருக்கு நேரே கோடு. பக்கத்துப் பதிவேட்டில் என் கையெழுத்தாம். வளைந்து வளைந்து, யாருடையதோ. என் விரலில் மை இல்லை, காட்டினேன்.

இரண்டு முழம் தள்ளி முகவர்கள் பெஞ்சில் அப்பா.

அதிகாரி அவரிடம் கேட்டார்: "இந்தப் பேர்ல காலைல வந்தவங்களை நீங்க பார்த்தீங்களா?"

"கூட்டமா இருந்துச்சு சார். கவனிக்கலை."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. 'என் பொண்ணு' என்றுகூடச் சொல்லவில்லை. நானும் 'அப்பா' என்று கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? வாய் வரலியே.

எனக்கு வேறொரு சீட்டு தந்தார்கள். ஆய்வுக்குரிய வாக்கு. நம் பேரில் வேறு யாராவது போட்டுவிட்டால் கிடைப்பது. பெட்டிக்குள் போகாது, தனி உறையில் வைப்பார்கள். வழக்கு, விசாரணை என்று போனால்தான் பிரிப்பார்களாம். வகுப்பில் இதை மட்டும் விட்டுவிட்டேன். யாருக்கு இது தேவைப்படப் போகிறது என்று நினைத்தேன்.

மார்ச் 12

அம்மா: "ஒரே ஒரு ஓட்டு. அதுக்காக அப்பாகிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியா?"

மார்ச் 14

எண்ணி முடித்தார்கள். சிமெண்ட் கடைக்காரர் அறுநூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். என் ஓட்டு அவர்களுக்குத் தேவையே இல்லை.

தெருவெல்லாம் வெடிச்சத்தம். அப்பா போகவில்லை, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"யாரோ ஒரு பொண்ணுடா. என்னைப் பார்த்துக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டா. மத்த முகவர் வெளிய போயிருந்தான். எனக்கு எழுந்திருக்க முடியலை."

"நான் யாருக்குப் போடுவேன்னு நீங்கதானே சிமெண்ட் கடை ஆளுங்ககிட்ட சொன்னீங்க?"

தோள் துண்டை எடுத்து மடித்தார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 15

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 27

விசாரணை. என் புகாரின் பேரில்தான். முகவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். என்ன உறவு? சொன்னேன். எழுதிக்கொண்டவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெளியே மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி அப்பா நின்றார். ஏறச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை.

ஜூன் 2

சித்தி வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். வாக்காளர் பட்டியலில் விலாச மாற்றத்துக்குப் படிவம் நிரப்பினேன். தந்தை அல்லது தாய் பெயர் என்று ஒரு கட்டம். பேனா கொஞ்ச நேரம் நின்றது. அம்மா பெயரை எழுதினேன்.

வாங்கிப் பார்த்த எழுத்தர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்பா இல்லையாம்மா?"

"இருக்கார்" என்றேன்.