இன்னும் ஒரே ஒரு வருஷம்

பிட்ஸ்பர்க்,
பிப்ரவரி 20, 2016

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா? நம் பள்ளத்தாக்கில் போனுக்குச் சிக்னல் கிடைக்காதது இன்று எனக்கு வசதியாகப் போயிற்று. உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மருத்துவக் கல்லூரி எதிலும் இடம் கிடைக்கவில்லை. அத்தனை கல்லூரிகளுக்குப் போட்டும் ஒன்றே ஒன்றுதான் நேர்முகத்துக்கு அழைத்தது. அதுவும் கையை விரித்துவிட்டது. இங்கே எங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் ஹால்டேன் என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"மார்க்குல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நீ புத்தகத்தைத்தான் தொட்டிருக்கே, நோயாளியைத் தொட்ட மாதிரியே தெரியலையே" என்றார்.

"எங்கம்மா பக்கவாதத்துல படுத்திருக்காங்க சார். லீவுக்குப் போறப்பல்லாம் நானும் பாத்துக்கறேன்."

"வீட்டுல பாக்கறதெல்லாம் கணக்குல வராது. இத்தனை மணி நேரம் வேலை பாத்தான்னு கையெழுத்துப் போட ஒரு மேலாளர் வேணும்."

அதனால் இங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேரப் போகிறேன். இடம் கிடைக்காவிட்டால் மே மாதம் வீட்டுக்கு வந்து அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ டுவைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்று சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வருஷம், அக்கா. டுவைட் நல்லவர், புரிந்துகொள்வார்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
கோரின்


லாரல் பள்ளத்தாக்கு, மேற்கு வர்ஜீனியா,
மார்ச் 6, 2016

அன்புள்ள கோரினுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இடம் கிடைக்கவில்லை என்ற வரியை மட்டும் விழுங்கிவிட்டு. அவளுக்கு நீ இப்போதே டாக்டர்தான். பக்கத்து வீட்டு ஸ்டிடம் அம்மாள் சோள ரொட்டி கொண்டு வந்தபோது, கோணிய வாயோடு, "எம்பொண்ணு வந்து ஒரு ஊசி போட்டான்னா எந்திரிச்சு நடந்துருவேன்" என்றாள். அப்போது நான் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டுவைட்டிடம் சொன்னேன். இங்கே சுரங்கத்தை மூடியதிலிருந்து அவன் வட கரோலினாவில் வேலை தேடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். லாரி பட்டறை ஒன்றில் கிடைத்துவிட்டது. கோடையில் சேர வேண்டும். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "உந்தங்கச்சி எவனையோ பெத்த அப்பனுக்கு வாய் துடைக்கப் போறா. அவளைப் பெத்தவளுக்கு நீ துடைக்கணும். இது என்னா நியாயம் வெர்னா?"

இதற்குப் பதிலை உன்னிடமே கேட்கிறேன். படித்தவள் நீ, தெரிந்தால் எழுது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று குளிர்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தபடியே நடந்தது. அப்படியும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
வெர்னா


பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 14, 2016

என் அருமை அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. வேலை முடிந்து அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

நல்ல செய்தி! புதிதாகப் போட்ட விண்ணப்பத்துக்கு இதுவரை ஆறு கல்லூரிகள் நேர்முகத்துக்கு அழைத்திருக்கின்றன. "இப்பதாம்மா இதுக்கு உயிரே வந்திருக்கு" என்கிறார் ஹால்டேன். இல்லத்தில் பாஸ்குவாலி என்று ஒரு கிழவர். யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார், நான் ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பார். அவரைப் பற்றித்தான் கட்டுரையில் எழுதினேன். மேலாளர் அம்மாள் படித்துவிட்டு அழுதுவிட்டார்.

இங்கே நிறையக் கற்றுக்கொள்கிறேன். அம்மாவை இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபக்கம் புரட்டிப் படுக்க வை. இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். குதிகாலுக்கு அடியில் தலையணை வை.

நவம்பரில் நன்றி கூறும் நாளுக்கு வர முடியாது. பண்டிகையன்று ஆள் குறைவு, அன்றைக்கு வேலை செய்தால் நல்ல பெயர். வான்கோழியில் என் பங்கையும் நீயே சாப்பிடு.

ஆயிரம் முத்தங்களுடன்,
கோரின்


லாரல் பள்ளத்தாக்கு,
நவம்பர் 2, 2016

கோரினுக்கு,

ஆறு அழைப்பு என்றதும் அம்மா இடது கையால் படுக்கையைத் தட்டினாள். வலது கை வரவில்லை.

புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லி எழுதியிருந்தாய். மூன்று வருஷமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தாய்? இன்றுவரை அவள் உடம்பில் ஒரு புண் கிடையாது. வந்து பார்.

டுவைட் ஆகஸ்டிலேயே போய்விட்டான். நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. "வரியா, இல்லையா, ஒரே பேச்சு சொல்லு" என்றான். உள்ளே அம்மா கூப்பிட்டாள். போய்விட்டு வந்து பார்த்தால் வண்டி திருப்பத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

கோபித்துக்கொள்ள இதை எழுதவில்லை. அம்மாவுக்குப் போன வாரம் இன்னொரு முறை பக்கவாதம் வந்துவிட்டது. சாப்பாடு விழுங்க முடியவில்லை. டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்து, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன். பேருந்தில் ஒரு நாள்தானே, கோரின். உன் கையால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போ.

வெர்னா


பிட்ஸ்பர்க்,
டிசம்பர் 19, 2016

என் அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அம்மா போன செய்தியையும் அடக்க நாளையும் ஸ்டிடம் அம்மாள் டவுனுக்குப் போய்ப் போனில் சொல்லிவிட்டார். அடக்கத்துக்கு நான் வராததை ஊரே பேசியிருக்கும். அதே நாள், அதே காலையில்தான் நேர்முகம். தேதியை மாற்றித் தரக் கேட்டால் அந்த இடம் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால், "போடி, போய்ப் பதில் சொல்லிட்டு வா" என்றுதானே சொல்லியிருப்பாள்?

"உங்க வாழ்க்கையில ரொம்பக் கஷ்டமான காலம் எது?" என்று கேட்டார்கள். பாஸ்குவாலியைப் பற்றித்தான் சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது அம்மா. நாங்கள் அவளை எப்படிப் புரட்டுவோம், எப்படித் துடைப்போம், மூன்று வருஷத்தில் ஒரு புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்றெல்லாம் சொன்னேன். எதிரே இருந்த வயதான டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா, இடம் கிடைத்துவிட்டது. நேற்றுதான் போன் வந்தது. இதை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். நம் அம்மாவுக்குச் செய்த எதுவும் வீண்போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

உன்,
கோரின்


லாரல் பள்ளத்தாக்கு,
ஜனவரி 8, 2017

கோரினுக்கு,

கிறிஸ்துமஸ் போய்விட்டது. வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வருகிறவர்கள் கேட்பதில்லை.

இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. நீ நல்ல டாக்டராக வருவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"நாங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். பிறகு யோசித்தால், நீ சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு.

இரண்டாம் தடவை வாதம் வந்த பிறகு அம்மாவுக்கு ஆள் தெரியவில்லை. முகம் துடைத்துவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோரின், வந்துட்டியா?" என்றாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "வந்துட்டேம்மா" என்றேன். அதற்குப் பிறகு கடைசிவரை அப்படியேதான். புரட்டினால், "டாக்டர் கையில்லையா, அதான் வலிக்கவே இல்ல" என்பாள். ஸ்டிடம் அம்மாளிடம், "சின்னவ எவ்வளவு தூரத்துலேருந்து வந்து பாக்கறா பாரு. பெரியவ எங்க போனான்னே தெரியல, எட்டிக்கூடப் பாக்கல" என்றாள். ஸ்டிடம் அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பேச வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

கடைசியாக அவள் குடித்தது ஒரு கரண்டித் தண்ணீர். உன் பெயரைச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள்.

ஆக, அம்மாவைப் பொறுத்தவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் நீ. விட்டுவிட்டுப் போனவள் நான். அப்படியே அவள் போய்விட்டாள். இனி யார் போய் அவளிடம் மாற்றிச் சொல்வது?

வீட்டுச் சாவியை ஸ்டிடம் அம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் துணிமணிகளில் வேண்டியதை எடுத்துக்கொள். நான் நாளைக் காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். டுவைட்டிடம் அல்ல, அவன் அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். எங்கே என்று உனக்கு எழுதமாட்டேன்.

வெர்னா ராட்லிஃப்