புத்தகத்தில் ஏறாத உன் அப்பாவின் பக்கம்

பிட்டன் தீவு, நியூஃபவுண்ட்லாந்து
அக்டோபர் 14

அன்பு மகன் எல்ட்ரெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் குளிரோடு சேர்ந்து வந்துவிட்டது. அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் கோராவும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி ஜெபம். உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, விறகும் அடுக்கியாயிற்று, என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள். அப்பாவைப் பற்றி நீ எழுதி அனுப்பிய நாலு பக்கம் இறந்துபோன நம் தீவின் பெரியவர்களைப் பற்றிச் சபையில் எழுதி வைக்கும் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறவிடாமல் செய்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடம் நிறைந்திருந்தது. நீ எழுதியதைப் போதகர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். போர்ச்சுகீசியக் கப்பல் பாறையில் மோதியது, அப்பாவும் ஹியூபர்ட் பார்டியும் படகெடுத்துப் போனது, ஹியூபர்ட் குடிபோதையில் கடலில் விழுந்தது, அப்பா தனியாளாக நாலு மாலுமிகளைக் கரை சேர்த்தது, எல்லாம். பாதிப் பேர் அழுதார்கள். பிறகு போதகர் வழக்கம்போல், "தப்பு இருந்தா இப்பவே எந்திரிச்சு சொல்லிடுங்க, மையில எழுதிட்டா மாத்த முடியாது" என்றார். உனக்குத்தான் தெரியுமே, மருத்துவச்சி துருசில்லாவின் பக்கத்தைப் படித்தபோது அவள் பிரசவம் பார்த்த ஆட்டையும் கணக்கில் சேர்க்கணும் என்று நம் ஆட்கள் சண்டை போட்டுச் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் எழவில்லை. நானும் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஹியூபர்ட்டின் அம்மா செலினா அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். 'குடிபோதையில்' என்று படித்தபோது அவள் ஆமாம் என்று தலையாட்டினாள், எல்ட்ரெட். பெற்றவளே தலையாட்டினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எழுந்து நின்று, "குடிச்சிருந்தது எங்க வீட்டுக்காரரு" என்று சொன்னேன். சாவதற்கு இரண்டு நாள் முன்பு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவரே என்னிடம் சொன்னது அது. போகும்போதும் வரும்போதும் துடுப்புப் போட்டது ஹியூபர்ட்தான். பாரம் தாங்காமல் படகில் தண்ணீர் ஏறியதும் துடுப்பை மாலுமிகளிடம் கொடுத்துவிட்டு, "உனக்குத் தொட்டில்ல புள்ள கிடக்குடா" என்று அப்பாவிடம் சொல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருக்கிறான். கரைக்கு வந்தது வெறும் கயிறு. படகில் ரம் வாடை அடித்ததும் கரையில் இருந்தவர்களே ஹியூபர்ட் மேல் பழியைப் போட்டார்கள், உன் அப்பா வாயே திறக்கவில்லை. அந்த மாலுமிகளின் பாஷை யாருக்கும் புரியவில்லை, மறுநாளே போய்விட்டார்கள்.

கடைக்கார கிடியன், "செத்த மனுஷன ஏம்மா சந்தி சிரிக்க வைக்கிற?" என்று கத்தினான். போதகர் உன் காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்றைக்கு அப்புறம் ஒரு சொட்டு குடிக்கவில்லை, முப்பத்தோரு வருஷமும் செலினா அத்தைக்கு விறகு வெட்டிப் போட்டார். எவ்வளவு நல்ல மனசு என்று நானும் பெருமைப்பட்டேனே, பாவி.

மறுநாள் காலையில் அத்தை வீட்டுக்கு வந்தாள். வைத்த தேநீரைத் தொடவில்லை. "ஊரே சொல்லுச்சேன்னு நானும் நம்பிட்டேன்டி வெர்னா. உடம்பு கிடைக்காம அவனுக்கு வெறும் கல்லு நட்டோமே, அதுக்கு ஒரு பூ வைக்கல. அவங்க அப்பா போன வருஷம் சாகுறப்பக்கூட அந்தக் குடிகாரப் பய பக்கத்துல என்னைப் புதைக்காதீங்கன்னுட்டுப் போனாரே" என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. என் கையை விலக்கிவிட்டு, "உன் மகன் நல்லா எழுதுறான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லு" என்று கேட்டாள்.

கோராவுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். குளிரில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். ஆண்டவர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும். என் மேல் கோபம் இருந்தால் எனக்குப் பதில் போட வேண்டாம், தாங்கிக்கொள்வேன். ஆனால் அத்தைக்கு எண்பத்தாறு வயது ஆகிறது. ஹியூபர்ட்டுக்கு எழுது.

உன் அம்மா,
வெர்னா